மயக்கம் என்னும் சொல்லும் வளைகுடா வெயிலும்

வளைகுடாவிலிருந்து வரும் தமிழர் இறப்புச் செய்திகளில் அச்சு மாறாத வாக்கியம் ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். கட்டட வேலையில் இருந்தவரோ டெலிவரிக்குப் போனவரோ திடீரென மயங்கி விழுந்து உயிரிழந்தார் என்று அது முடியும். துபாய், ஷார்ஜா, தோஹா, ரியாத் என ஊர்தான் மாறுகிறது. அந்த வாக்கியத்தில் மயங்குவதும் விழுவதும் ஒரே கணத்தில் நடக்கின்றன. ஆனால் வெயில் மனிதரைக் கொல்லும்போது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. விழுவதற்கு முன்பே பேச்சு மாறும், கோபம் வரும், கையிலுள்ள வேலை எதற்கென்று தெரியாமல் போகும், கூப்பிட்ட பெயருக்குத் தாமதமாகத் திரும்புவார். அந்த இடைவேளைதான் உயிரைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம். அதற்குத் தமிழில் பெயர் இல்லையா என்றால், இருக்கிறது. அதன் பெயர்தான் மயக்கம். அந்தச் சொல்லின் பழைய பொருளை விழுவதன் பொருள் விழுங்கிவிட்டது. சொல் எங்கிருந்து வந்தது, எப்படிச் சுருங்கியது, அந்தச் சுருக்கம் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாட்டில் வேலை செய்யும் தமிழருக்கு ஏன் உயிர்ப் பிரச்சினையாகிறது என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தமிழின் மிகப் பழைய இலக்கண நூலில் மயக்கம் உடல்நிலையின் பெயரல்ல. தொல்காப்பியத்தின் மூன்று இயல்களின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது: உயிர் மயங்கியல், புள்ளி மயங்கியல், வேற்றுமை மயங்கியல். உயிரிலும் மெய்யிலும் முடியும் சொற்கள் அடுத்த சொல்லோடு எப்படிச் சேரும், எந்த வேற்றுமை எந்த வேற்றுமையின் இடத்தில் வரும் என்பதைச் சொல்லும் இயல்கள் அவை. ஒரு சொல்லுக்குள் எழுத்துகள் சேர்வதும் மயக்கம்தான். 'பக்கம்' என்ற சொல்லில் ககர மெய் தன்னோடு தானே சேர்கிறது. அது உடனிலை மெய்ம்மயக்கம். 'வெட்கம்' என்பதில் டகர மெய் வேறொரு மெய்யோடு சேர்கிறது. அது வேற்றுநிலை மெய்ம்மயக்கம். ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் சேரா, ககரமும் சகரமும் பிறவற்றோடு சேரா என்று இலக்கணம் வரையறுக்கிறது. பொருளதிகாரத்திலோ ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் வருவது திணை மயக்கம். அதற்கு இடம் கொடுக்கும் தொல்காப்பியர், நிலத்தோடு நிலம் மயங்குவதற்கு இடம் கொடுக்கவில்லை. மரபியலில் ஐம்பூதங்கள் கலந்த இந்த உலகத்தையே அவர் மயக்கம் என்கிறார். இந்த இடங்களிலெல்லாம் மயங்குதல் என்பது கலத்தல். இதில் இழப்பு இல்லை, இருட்டு இல்லை, கீழே விழுவதும் இல்லை. இரண்டு பொருள்கள் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று புகுகின்றன. எது வரைக்கும் புகலாம் என்பதற்கு விதியும் இருக்கிறது.

கலத்தலிலிருந்து அறிவு மங்குவதற்குப் பொருள் எப்படிப் போயிற்று? இதைத் தற்செயலான தாவல் என்று தள்ள முடியாது, ஏனென்றால் தமிழில் இதே பாதையில் போன சொற்கள் பல இருக்கின்றன. மருள் என்றால் திகைப்பு. வெண்பாவும் ஆசிரியப்பாவும் கலந்து வரும் பாவுக்குப் பெயர் மருட்பா. கலங்குதல் 'கல' என்ற அடியோடு சேர்ந்த சொல். ஆற்றுநீரும் கலங்கும், சித்தமும் கலங்கும். குழம்புதல் என்ற வினை சோற்றில் ஊற்றும் குழம்புக்கும் மனத்தின் குழப்பத்துக்கும் பொது. நான்கு சொற்கள், நான்கிலும் ஒரே உறவு: பொருள்கள் கலந்தால் கலவை, அறிவுக்குள் கலந்தால் தடுமாற்றம். இவற்றுக்கு எதிர்ச்சொல் எது என்று பார்த்தால் இன்னும் உறுதியாகிறது. இன்றைக்கும் மயக்கம் 'தெளிந்தது' என்றுதான் சொல்கிறோம். தெளிதல் நீரின் வினை. கலங்கிய நீரில் மண் அடியில் படிந்து மேல்நீர் தனியாகும் செயல். போதையும் தெளியும், குழப்பமும் தெளியும், பேயும் தெளியும். கீழே விழுந்தவர் கண் திறந்ததும் சுற்றி நிற்பவர் எவரும் அவருக்கு உணர்வு 'திறந்தது' என்று சொல்வதில்லை. அறிவைக் கலங்கவும் தெளியவும் கூடிய நீராகப் பார்த்த பார்வை, பொருள் சுருங்கிய பின்னும் மொழியின் வினைச்சொற்களில் உயிரோடு இருக்கிறது.

பழைய பொருளும் புதிய பொருளும் சந்திக்கும் இடம் திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரம். பொய்யை மெய்யென்று கொள்வதை அந்த அதிகாரம் மருள் என்று தொடங்கி, காமம், வெகுளி, மயக்கம் என்ற மூன்றின் பெயரும் கெட நோய் கெடும் என்று முடிகிறது. இங்கே கலப்பது பொருள்கள் அல்ல. பொருள்களைப் பிரித்தறியும் திறன் கலந்துபோகிறது. மாலை மயங்குகிறது என்று சொல்லும்போது பகலும் இரவும் கலக்கின்றன. அந்த வெளிச்சத்தில் கயிற்றைப் பாம்பென்று எண்ணுகிறவரும் மயங்குகிறார். ஒரே வினை முதலில் பொழுதுக்கும் பிறகு பார்ப்பவருக்கும் பொருந்துகிறது. மயங்குவதை 'மை' என்ற இருள்சொல்லோடு இணைத்து, இருள்வதே மூலப்பொருள் என்று சொல்பவர்களும் உண்டு. மையல், மயல் ஆகிய சொற்களை அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். ஒலி ஒப்புமை இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இருள்வதிலிருந்து தொடங்கினால் எழுத்து மயக்கத்துக்கும் வேற்றுமை மயக்கத்துக்கும் வழி கிடைப்பதில்லை. இரண்டு மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதில் இருள்வதற்கு என்ன இருக்கிறது? கலத்தலிலிருந்து தொடங்கினால் எழுத்தும் திணையும் மாலையும் மனமும் ஒரே நூலில் வருகின்றன. அதனால் கலத்தலே முந்தியது என்று கொள்வதுதான் சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

சுருக்கம் பல படிகளில் நடந்தது. கள் தரும் நிலை மயக்கமாயிற்று, பெண் மீதும் ஆண் மீதும் கொள்ளும் மோகம் மயக்கமாயிற்று, தத்துவத்தில் மாயை தரும் நிலை மயக்கமாயிற்று. இவை மூன்றிலும் கலங்கிய அறிவு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. தவறாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். முற்றிலும் நினைவற்றுப் போவதற்கு வடமொழியிலிருந்து வந்த மூர்ச்சை தனியாக இருந்தது. அந்தச் சொல்லுக்கு வடமொழியில் உறைதல், இறுகுதல் என்ற பொருளும் உண்டு. திரவம் கெட்டியாவதும் மனிதர் உணர்விழப்பதும் ஒரே வினை. அச்சில் வந்த அகராதிகளில் இன்னும் இரண்டு பக்கமும் இருக்கின்றன: 1862-இல் சென்னையில் வெளியான வின்சுலோ அகராதியிலும், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனிலும் கலப்பும் தடுமாற்றமும் உணர்விழப்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. பேச்சில்தான் மூர்ச்சை பின்வாங்கி, அதன் இடத்தை மயக்கம் எடுத்துக்கொண்டது. அறுவைக்கு முன் கொடுக்கும் மருந்து மயக்க மருந்து ஆயிற்று. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அந்தத் துறையின் பெயர்ப் பலகை மயக்கவியல் என்கிறது. 1846-இல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை நடந்த சில வாரங்களில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அந்த நிலைக்கு முன்மொழிந்த பெயருக்கு உணர்ச்சி இல்லாமை என்பது பொருள். நாம் அதைக் கலக்கத்தின் சொல்லால் மொழிபெயர்த்தோம். கத்தி படுவது தெரியாத முழு உறக்கத்துக்கும், கயிறா பாம்பா என்ற தடுமாற்றத்துக்கும் ஒரே பெயர் ஆனது அப்படித்தான்.

தமிழர் வேலை செய்யும் வளைகுடாவின் மொழி இதே நிலையை வேறு வழியில் பிடிக்கிறது. அரபியில் மதுவுக்குப் பெயர் கம்ர். மூடுதல் என்ற வேரிலிருந்து வந்தது. தலையை மூடும் முக்காடு கிமார் அதே வேர். அறிவை எது மூடுகிறதோ அது கம்ர் என்று கலீபா உமர் விளக்கியதாகப் பழைய தொகுப்புகள் சொல்கின்றன. அறிவுக்குப் பெயர் அக்ல். ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிறு இகால். அமீரகத்து ஆண்கள் தலைத்துணியின் மேல் வளைத்து வைக்கும் கறுப்புக் கயிற்றுக்கும் அதே பெயர். போதைக்குச் சொல்லும் சுக்ர் அணை கட்டி அடைப்பதன் வேர். அதே வேரிலிருந்து வந்த சக்ராத் தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலும் இருக்கிறது, உயிர் பிரியும் நேரத்து நிலைக்கு. மயங்கி விழுவதற்குப் பெயர் இக்மா. வீட்டுக்குக் கூரை வேய்வதோடு உறவுள்ள வேர். ஆழ்ந்த நினைவிழப்புக்குப் பெயர் கைபூபா. மறைந்திருத்தல், இல்லாதிருத்தல் என்று பொருள். தலைசுற்றலுக்கு மட்டும் தனிச்சொல் தோக்கா. அமீரகத்தில் மித்வாக் என்ற சிறு குழாயில் அடைத்துப் புகைக்கும் புகையிலைக்கும் அதுவே பெயர். இழுத்ததும் தலை கிறுகிறுப்பதால் வந்த பெயர் அது. மூடுதல், அடைத்தல், கூரையிடுதல், மறைதல்: அரபியின் பெருவழக்கு அறிவை ஒளியாகவோ வழியாகவோ பார்த்து, அது தடுக்கப்படுவதைச் சொல்கிறது.

இதை வைத்துத் தமிழர் அறிவை நீராகக் கண்டார்கள், அரபியர் ஒளியாகக் கண்டார்கள் என்று இனத்துக்கு ஒரு மனம் கற்பிக்கும் முடிவுக்குத் தாவுவது எளிது, அது தவறு. அரபி மருத்துவ நூல்களிலேயே இப்னு சீனாவின் காலத்தில் இக்திலாத் என்ற சொல் வழங்கியது. மனம் கலந்துபோதல் என்பது நேர்ப்பொருள், காய்ச்சலில் பிதற்றும் நிலையைக் குறித்தது. முதுமையில் நினைவு தடுமாறிச் செய்திகளை மாற்றிச் சொல்லத் தொடங்கிய ஹதீஸ் அறிவிப்பாளர்களையும் அதே சொல்லால்தான் அறிஞர்கள் வகைப்படுத்தினார்கள். லத்தீனுக்குப் போனாலும் இதே நிலை. இன்று எல்லோரும் சொல்லும் கன்ஃப்யூஷன் அந்த மொழியில் ஒன்றாகச் சேர்த்து ஊற்றுதல். டெலிரியம் என்பது உழவுச் சாலை விட்டு விலகுதல். கிரேக்கத்தில் கோமா ஆழ்ந்த உறக்கம், நார்க்கே மரத்துப்போதல், டைஃபாய்டுக்கு அடியாக நிற்கும் டைஃபோஸ் புகை. தமிழிலும் மூடுதல் வகை இருக்கிறது: வானம் மப்பாக இருக்கிறது என்பதும் குடித்தவர் மப்பில் இருக்கிறார் என்பதும் ஒரே சொல். ஆக எல்லா மொழியிலும் எல்லா வகையும் உண்டு. அப்படியானால் இந்த வகைகள் மொழிகளின் குணத்தைக் காட்டவில்லை. நோயின் படிகளைக் காட்டுகின்றன என்பதே என் முடிவு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் முதலில் கலப்பதைக் கண்டார்கள், பிறகு மூடுவதைக் கண்டார்கள், கடைசியில் ஆள் இல்லாமல் போவதைக் கண்டார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு வினை கிடைத்தது. கேடு தொடங்குவது மூன்று படிக்கும் ஒரே சொல்லைப் போட்டு, அந்தச் சொல்லைக் கடைசிப் படிக்கு மட்டும் ஒதுக்கும்போது.

வெயில் நோயில் இந்தப் படிகள் தெளிவாகத் தெரியும். நீண்ட நேரம் நின்று வேலை செய்பவருக்கு இரத்தம் கால்களில் தேங்கி, தலைக்குப் போவது குறைந்து, கண் இருட்டி அவர் சாயலாம். நிழலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிவிட்டால் சில நிமிடத்தில் எழுந்து பேசுவார். கவனிக்க வேண்டியதுதான், ஆனாலும் உடலின் வெப்பக் கட்டுப்பாடு இங்கே உடையவில்லை. வெப்ப அதிர்ச்சி என்று சொல்லப்படும் ஹீட் ஸ்ட்ரோக் வேறு. ரியாத் மன்னர் ஃபைசல் சிறப்பு மருத்துவமனையில் பணியாற்றிய அப்தெர்ரசாக் பூஷாமாவும் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் நோசெலும் 2002-இல் எழுதிய, இன்றளவும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அதை இரண்டு அடையாளங்களால் வரையறுத்தது: உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போவதும், மூளையின் செயல் மாறுவதும். பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை அந்த மாற்றத்தில் அடக்கம். உழைப்பினால் வரும் வகையில் வியர்வை நிற்காமலே இருக்கலாம். ஆகவே தோல் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போதாது. மெக்கா யாத்திரை இந்த நோயின் பெரிய ஆய்வுக்கூடமாகவே இருந்திருக்கிறது. முஸ்தபா கோகலியும் வைனரும் வடிவமைத்த மெக்கா குளிரூட்டும் படுக்கையில் நோயாளியின் மேல் நீர்த்துளிகளையும் வெதுவெதுப்பான காற்றையும் வீசி, ஆவியாதலால் வெப்பத்தை இறக்கினார்கள். எந்த முறையானாலும் அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்; தாமதமானால் ஈரலும் சிறுநீரகமும் மூளையும் கெடும். 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதிப் பதிவின்றி, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் நடந்தவர்கள்.

இங்கேதான் பழைய சொல்லின் கூர்மை தேவைப்படுகிறது. தலைசுற்றலை நோயாளியே சொல்லலாம். கண் இருட்டுகிறது என்று சொல்லலாம். வாந்தி வருகிறது என்று சொல்லலாம். அறிவு கலங்குவதை அவர் சொல்ல முடியாது, சொல்லும் கருவியே கலங்கிவிட்டது. தமிழின் வாக்கிய அமைப்பும் இதை அறிந்திருக்கிறது. 'எனக்கு மயக்கம் வருது' என்று தன்மையில் சொல்லும்போது மயக்கம் வெளியிலிருந்து வருகிறது, சொல்பவர் இன்னும் தெளிவோடு நிற்கிறார். 'நான் மயங்குகிறேன்' என்று காதல் பாட்டுக்கு வெளியே எவரும் சொல்வதில்லை. மயங்குகிறார் என்பது பிறர் பார்த்துச் சொல்லும் வினை. அபுதாபியில் பின்பற்றப்படும் வெப்ப வேலை அளவுகோலுக்குப் பின்னால் ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்து கிரஹாம் பேட்ஸின் ஆய்வு இருக்கிறது. அவரும் ஷ்னைடரும் அமீரகக் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றி 2008-இல் வெளியிட்ட கட்டுரை, போதிய நீரும் வேலையின் வேகத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையும் இருந்தால் கடும் வெப்பத்திலும் உடலுக்குத் தீங்கில்லாமல் வேலை செய்யலாம் என்று கண்டது. நல்ல செய்திதான். ஆனால் தன் வேகத்தைத் தானே தீர்மானிப்பது தெளிந்த அறிவின் வேலை. கலங்கத் தொடங்கியவர் ஓய்வு கேட்க மாட்டார். சிலர் பிடிவாதமாக வேலையைத் தொடர்வார்கள், போர்மேனிடம் சண்டைக்கும் போவார்கள். 'ஆளு என்னமோ உளறுறான்' என்று பக்கத்தில் நிற்பவர் சிரித்துவிட்டுப் போவாரானால், நோயின் முதல் அடையாளம் அந்தச் சிரிப்போடு போய்விடும்.

பக்கத்தில் நிற்பவருக்கும் சிகிச்சை தருபவருக்கும் மொழி வேறாக இருக்கும்போது சிக்கல் இரட்டிக்கிறது. வளைகுடா மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் தமிழரின் முதல் துணை பெரும்பாலும் மலையாளி செவிலியர். இரு மொழியும் நெருக்கம் என்பதால் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று இரு தரப்புமே நம்புகிறார்கள். ஆனால் மலையாளத்தில் மயங்ஙுக என்றால் கண்ணயர்தல். சாப்பிட்டபின் சற்று மயங்ஙிப்போனேன் என்றால் குட்டித் தூக்கம் போட்டேன் என்று பொருள். தலைசுற்றலுக்கு அவர்கள் தலகறக்கம் என்பார்கள், நினைவு தப்புவதற்குப் போதக்ஷயம் என்பார்கள். தமிழர் 'காலையிலிருந்து மயக்கமா இருக்கு' என்றால் தூக்கக் கலக்கம் என்று கேட்கப்பட வாய்ப்பு உண்டு. வேலைத்தளத்தின் பொதுமொழியான இந்திக்குப் போனால் சக்கர் என்று சுற்றலையும் பேஹோஷ் என்று நினைவின்மையையும் சொல்லலாம்; நடுவிலுள்ள கலக்கத்துக்குத் தமிழர் கற்றுக்கொண்ட தளத்து இந்தியில் சொல் கிடையாது. மருத்துவ அளவுகோலும் இந்த இடத்தில் மொழியைத்தான் நம்பியிருக்கிறது. 1974-இல் டீஸ்டேலும் ஜென்னட்டும் உருவாக்கிய கிளாஸ்கோ அளவுகோலில் முழு மதிப்பெண் 15. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. தெளிவாகப் பேசினால் 5, கலங்கிப் பேசினால் 4. அந்த ஒற்றை மதிப்பெண்தான் மயக்கத்தின் பழம்பொருள். இடம், நாள், பெயர் கேட்டுப் பதிலை எடைபோட வேண்டும். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வட்டார வழக்கில் வேகமாக வரும் தெளிவான விடையும் உளறலும் காதுக்கு ஒன்றே. மொழித்தடை இருந்தால் பேச்சைச் சோதிக்க இயலவில்லை என்று குறிக்க இடமுண்டு என்றாலும், குறித்ததால் நோய் தெரிந்துவிடாது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் தன் முன்னெச்சரிக்கை அட்டவணையைத் திருத்தியபோது, புதிதாக வந்த மனக்குழப்பத்தைத் தனி அடையாளமாகச் சேர்த்து, அதற்குத் தனி அளவீடொன்றுக்குரிய உச்ச மதிப்பான 3-ஐக் கொடுத்தது. கண் திறந்திருப்பதும் பேசுவதும் போதாது என்று அதற்கு முன் எத்தனை நோயாளிகள் கற்பித்திருப்பார்களோ.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது மொழியியலாளர் சொல்வது. சொல்லின் பிறப்பு அதன் பொருளை ஆளாது; இன்று மக்கள் எந்தப் பொருளில் வழங்குகிறார்களோ அதுவே பொருள்; தொல்காப்பியத்தைக் காட்டி வழக்கைத் திருத்த முடியாது. இதை முழுக்க ஏற்கிறேன். மயக்கம் என்றால் விழுவது என்று கோடிப் பேர் பேசும்போது, இல்லை, அது கலத்தல் என்று அறிவிப்பு வைத்தால் படிப்பவர் குழம்புவார். என் வாதம் பழம்பொருளை மீட்டு அரியணை ஏற்றுவதற்கு அல்ல. பழம்பொருள் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. அந்த வேறுபாட்டுக்கு இன்று வழக்கில் உயிரோடுள்ள சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதே வாதம். அவை இருக்கவே செய்கின்றன: உளறுவது, பேச்சு மாறுவது, ஆள் ஒருமாதிரியாக இருப்பது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் சொல்வது, பிதற்றுவது. 'வெயிலில் மயக்கம் வந்தால் தெரிவிக்கவும்' என்று தமிழில் எழுதப்படும் அறிவுரை, தன்னால் தெரிவிக்க முடியாதவரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. 'கூட வேலை செய்பவரின் பேச்சு மாறினால் உடனே நிழலுக்கு இழுத்து நீரை ஊற்றுங்கள்' என்று எழுதினால் அது சரியான காதுக்குப் போகிறது.

அடுத்து, சட்டம் இருக்கிறதே என்பார்கள். அமீரகத்தில் 2005 முதல் கோடை நண்பகலில் திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு; இப்போது அது ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 15 வரை, 12.30 முதல் 3 மணி வரை. மீறினால் ஆளொன்றுக்கு 5,000 திர்ஹம், அதிகபட்சம் 50,000 திர்ஹம் அபராதம். கத்தார் 2021-இல் காலை 10 முதல் மாலை 3.30 வரை என்று நீட்டியது. அதோடு, வெப்பமும் ஈரமும் வெயிலும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த மணியானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றது. இவை உயிர்களைக் காக்கும் சட்டங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கடற்கரை நகரங்களில் மாலையிலும் இரவிலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை ஆவியாகாது. 2020-இல் வெளியான ஆய்வு, மனித உடல் தாங்கும் எல்லையாகக் கருதப்படும் 35 டிகிரி ஈரக்குமிழ் வெப்பத்தை (காற்றின் ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் அளவு) சிறிது நேரமாவது தாண்டிய இடங்களில் ராஸ் அல் கைமாவைச் சேர்த்தது. கடிகாரம் வைத்து வரையறுத்த தடை கடிகாரத்துக்கு வெளியே வரும் நோயைப் பார்க்காது. வெப்பமானி போதாதா என்றால், நெற்றியிலும் காதிலும் வைத்துப் பார்ப்பவை வெயிலில் உழைத்த உடலின் உள்வெப்பத்தைக் குறைத்துக் காட்டக்கூடியவை. நம்பகமான அளவு மலக்குடல் வெப்பம்தான், அதை வேலைத்தளத்தில் எவரும் எடுப்பதில்லை. மருத்துவமனைக்குப் போகும் வரை இருக்கும் ஒரே கருவி அருகிலுள்ளவரின் காது.

சாவுக்குப் பிறகும் இந்தச் சொற்குறை தொடர்கிறது. கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த 1,354 நேபாளத் தொழிலாளர்களை ஆராய்ந்து 2019-இல் வந்த மருத்துவக் கட்டுரை, அவர்களில் 571 பேர் இதய நோயால் இறந்ததாகப் பதிவாகியிருப்பதையும், வெப்பம் கூடும் மாதங்களோடு அந்தச் சாவுகள் கூடுவதையும், தக்க பாதுகாப்பு இருந்திருந்தால் 200 பேர் வரை பிழைத்திருக்கலாம் என்பதையும் காட்டியது. வளைகுடாவில் புலம்பெயர் தொழிலாளர்களின் சாவுகளில் பாதிக்கு மேல் உண்மையான காரணம் விளக்கப்படாமல் இயற்கை மரணம், இதயம் நின்றது என்ற அளவில் முடிக்கப்படுகின்றன என்று 2022-இல் வைட்டல் சைன்ஸ் (Vital Signs) என்ற கூட்டமைப்பின் அறிக்கை சொன்னது. இதயம் நிற்பது எல்லாச் சாவிலும் நடப்பது. அதற்கு முந்திய மணிநேரத்தில் அறிவு கலங்கியிருந்ததா என்பதுதான் வெயிலைக் குற்றவாளியாக அடையாளம் காட்டும் சான்று. உடன் இருந்தவர் 'மயங்கி விழுந்தார்' என்று மட்டும் சொல்ல, அதை எழுதுபவர் இக்மா என்று எழுதிவிட்டால் அந்தச் சான்று மொழிபெயர்ப்பிலேயே அழிகிறது. எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதோடு எத்தனை மணிக்குப் பேச்சு மாறியது என்றும் கேட்டுப் பதிய வேண்டும். குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு, வேலையால் நேர்ந்த சாவு என்று நிறுவப்படுவதைப் பொறுத்தது என்பதால் இது வெறும் சொல்லாராய்ச்சியாக நிற்கவில்லை.

கடைசியாக, இத்தனை மொழிகள் பேசும் நாட்டில் தமிழுக்கென்று தனி ஏற்பாடு நடக்குமா என்ற ஐயம். அமீரகத்தின் தொழிலாளர் அமைச்சகம் 2016 முதல் வேலைவாய்ப்பு ஒப்பந்தத்தைத் தொழிலாளர் தெரிந்தெடுக்கும் மொழியிலும் தரும் முறையைக் கொண்டுவந்தது. அரபி, ஆங்கிலம் உட்பட அதற்கான பதினொரு மொழிகளில் தமிழும் இருக்கிறது. சம்பளத்தைத் தமிழில் படிக்கலாம் என்று ஏற்ற இடத்தில், உயிரைத் தமிழில் சோதிக்கலாம் என்று ஏற்பதற்குத் தடையில்லை. வேண்டியது அதிகமில்லை: மலையாளி செவிலியரும் பிலிப்பினோ செவிலியரும் அரபி மருத்துவரும் ஒலிப்பதிவில் கேட்டு ஒப்பிடக்கூடிய மூன்று தமிழ்க் கேள்விகள். உங்க பேர் என்ன, இப்ப எங்க இருக்கீங்க, இன்னிக்கு என்ன கிழமை. அவற்றுக்குத் தெளிந்தவர் தரும் விடைகள் ஊருக்கு ஊர் எப்படி ஒலிக்கும் என்பதற்குச் சில மாதிரிகள். வேலைத்தளத்தில் அதைவிட எளிய வழி, ஆட்களைப் பிரிக்கும்போது மொழியையும் பார்ப்பது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் தமிழ் பேசுபவர் ஒருவர்தான் என்றால் அவருடைய பேச்சு மாறுவதை மற்ற ஏழு பேரால் கண்டுபிடிக்க வழியில்லை. கோடை மாதங்களில் அவரோடு இன்னொரு தமிழரைச் சேர்த்து அனுப்புவதற்கு எந்த நிறுவனத்துக்கும் செலவு ஆகாது.